கோதுமைக்குள் பூட்டு, அதற்குள்ளேயே சாவி

மாவைத் தானாகப் புளிக்க வைத்துச் சுடும் சவர்டோ ரொட்டி சாப்பிட்டால் வயிற்றுக்கு நல்ல பாக்டீரியா கிடைக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உயிரோடு கிடைக்காது. ரொட்டி வெந்து முடியும்போது அதன் நடுப்பகுதியே 95 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். ஆனால், அடுப்புக்குள் போவதற்கு முன்பே அந்தப் பாக்டீரியாக்கள் ஒரு காரியத்தை முடித்துவிடுகின்றன. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

மாவும் தண்ணீரும் கலந்து குடுவையில் வைத்து, தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புது மாவு சேர்த்து வந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஸ்டார்ட்டர், அதாவது ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் உறை, தயார். கரண்டியால் கிளறினால் நூல் நூலாக இழுபடும், கனிந்த பழமும் தயிரும் கலந்தாற்போல் வாசம் வரும். உப்ப வைப்பது பெரும்பாலும் ஈஸ்ட். புளிக்க வைப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. இது பள்ளியில் படித்ததுதான்.

இனி கோதுமை மணிக்கு வருவோம். அது ஒரு விதை. முளைக்கப்போகும் செடிக்காகப் பாஸ்பரஸைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்புதான் பைட்டிக் அமிலம்: ஆறு கார்பன் கொண்ட ஒரு வளையம், ஒவ்வொரு கார்பனிலும் ஒரு பாஸ்பேட். பாஸ்பேட்டுக்கு எதிர்மின்சுமை, இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் நேர்மின்சுமை. ஆறு கைகளாலும் அவற்றைக் கவ்விக்கொள்கிறது. பிடியைத் தளர்த்தும் நொதி நம் குடலில் போதிய அளவு கிடையாது. ஆகவே ரொட்டியில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும்.

அந்த நொதி, பைட்டேஸ், அதே மணிக்குள் இருக்கிறது! விதை முளைவிடும்போது பாஸ்பேட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி இளஞ்செடிக்குக் கொடுப்பது அதன் வேலை. மாவில் தண்ணீர் பட்டாலே அது செயல்படத் தொடங்கும். ஆனால் வெறும் மாவின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-ஐ ஒட்டியிருக்கும். பைட்டேஸுக்குத் தோதான பிஎச் 5 முதல் 5.5 வரை. பாக்டீரியா சுரக்கும் அமிலம் மாவை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், புளிக்காத மாவில் பைட்டிக் அமிலம் 40 சதவீதம் குறைந்தது, பிஎச் 5.5-க்கு இறக்கியதும் 70 சதவீதம் குறைந்தது. அமிலத்தோடு நேரமும் வேண்டும். கடை ஈஸ்ட் ஓரிரு மணி நேரத்தில் மாவை உப்ப வைத்துவிடுகிறது. சவர்டோ மாவு ராத்திரி முழுக்கக்கூட ஊறும்.

பைட்டிக் அமிலம் பெரும்பாலும் தவிட்டை ஒட்டிய அடுக்கில்தான் இருக்கிறது. தவிடு நீக்கிய வெள்ளை மாவில் பூட்டும் குறைவு, பூட்டி வைத்த சத்தும் குறைவு. அதனால் இந்தப் பலனுக்காகச் சாப்பிடுகிறவர்கள் முழுக்கோதுமை ரொட்டியைத்தான் தேட வேண்டும்.

ரத்தச் சர்க்கரை விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். லாக்டிக் அமிலம் மாவுச்சத்துச் செரிமானத்தை மெதுவாக்குகிறது. அசெட்டிக் அமிலம் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இருந்தும் 2017-இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகம் 20 பேருக்கு ஒரு வாரம் வெள்ளை ரொட்டியும் ஒரு வாரம் முழுக்கோதுமை சவர்டோவும் கொடுத்துப் பார்த்ததில், சராசரியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிலருக்கு ஒன்றில் சர்க்கரை ஏறியது, சிலருக்கு மற்றதில். இருபது பேரை வைத்து எவ்வளவுதான் சொல்ல முடியும்? ரொட்டிக்குக் காப்புரிமை வாங்கிச் சம்பாதிக்க வழியில்லை என்பதால் தனியார் பணம் இந்தப் பக்கம் எளிதில் வராது. கோடிக்கணக்கானோர் தினமும் சாப்பிடும் உணவை நீண்டகாலம் ஆராய அரசுகள்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

செலியாக் நோய் (கோதுமையின் குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்கள் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. புளிக்கும்போது குளூட்டன் ஓரளவு சிதைந்தாலும், கோதுமை சவர்டோ அவர்களுக்கு ஆகாது. மற்றவர்கள் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். மாவு, தண்ணீர், உப்பு மட்டும் இருந்தால் நல்லது. வினிகரும் ஈஸ்டும் சேர்ந்திருந்தால், பைட்டேஸுக்கு வேண்டிய நேரம் அந்த மாவுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.