ருமேனியாக்காரங்க இங்கிலீஷ் வார்த்தையைப் பிடிச்சு என்ன பண்றாங்க?

லண்டன்ல குடோன் வேலை பாக்குற வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார், கூட வேலை செய்ற ருமேனியாக்காரங்க பேச்சுல ஜாபுல், லேண்ட்லார்டுல்னு காதுல விழுதே, அது என்ன 'உல்'னு.

2014ல ருமேனியாக்காரங்களுக்கு இருந்த வேலைக் கட்டுப்பாட்டை பிரிட்டன் எடுத்ததும் நிறைய பேர் போனாங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல ருமேனியால பொறந்தவங்க 2011ல 80,000 பேர், 2021ல 5,39,000. வேலை, வாடகை, சம்பளம் எல்லாமே இங்கிலீஷ்ல நடக்குறப்ப அந்த வார்த்தைங்க ஒட்டத்தானே செய்யும். இந்தக் கலவைக்கு அவங்க வச்ச பேரு ரோம்க்ளேசா.

'உல்' வேற ஒண்ணும் இல்ல, இங்கிலீஷ்ல முன்னாடி வர்ற 'தி' ருமேனியன்ல வார்த்தைக்குப் பின்னாடி ஒட்டும், அவ்ளோதான்.

ஆனா வினைச்சொல்லுக்கு அவங்க பண்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ருமேனியன்ல பழைய வினைச்சொல் பலதுல அழுத்தம், அதாவது ஓங்கிச் சொல்ற இடம், வேர்மேலயே விழும், விழுந்தா உயிரெழுத்தே உருமாறிடும், 'சுமக்கிறேன்'னா போர்த், 'சுமக்கிறான்'னா ப்வார்த்தா. இப்படி ஒரு இங்கிலீஷ் வார்த்தையை உருட்டுனா அடையாளமே தெரியாது. அதனால புதுசா வர்ற வினைக்கெல்லாம் பெரும்பாலும் 'எஸ்'னு ஒரு விகுதியை வேருக்குப் பின்னாடி சொருகுறாங்க. பிரிண்ட் எடுக்கிறேன்னா பிரிண்டெஸ், எடுக்கிறான்னா பிரிண்டியாசா, டவுன்லோட் பண்றேன்னா டவுன்லோடெஸ். அழுத்தத்தை அந்த விகுதியே வாங்கிக்குது, மாறுறதும் அதுதான், வேர் அப்படியே முழுசா நிக்குது! இதுக்கு நேரம் இல்லாதப்ப நாம 'பண்ணு' போடுற மாதிரி அவங்க 'குடு'ங்கற வினையைச் சேர்த்து 'லைக் குடுக்கிறேன்', 'ஷேர் குடுக்கிறேன்'னும் சொல்லிடுவாங்க.

இதைப் பாத்து பாஷை கெட்டுப்போச்சுன்னு புலம்புறவங்க அங்கயும் உண்டு. பொது இடத்துல வேற பாஷைல எழுதுனா ருமேனியன் மொழிபெயர்ப்பும் போடணும்னு 2004ல சட்டமே வந்துச்சு. போர்டுக்கு அது சரி, ஆனா வந்த வார்த்தையைத் தன் இலக்கணத்துக்கே வளைக்கிற பாஷை நல்லா தெம்பா இருக்குன்னுதான் நான் சொல்வேன். வீட்டுக்கு அனுப்புற வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்ல இப்பவே நடக்குற மாற்றத்தைப் பதிவு பண்ண அரசாங்கங்க கொஞ்சம் காசு ஒதுக்கணும், இந்தத் தலைமுறை போயிட்டா கிடைக்காது.

அந்த 'எஸ்' எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? கிரேக்க விகுதி ஒண்ணு, லத்தீன் வழியா ருமேனியனுக்குப் போச்சு. இங்கிலீஷ் 'ஆர்கனைஸ்'ல கடைசில வர்ற 'ஐஸ்'ஸும் அதேதான். ருமேனியன்ல 'ஏற்பாடு பண்றேன்'னா ஆர்கனிசெஸ், அதாவது ஒரே விகுதி அடுத்தடுத்து ரெண்டு தடவை.