கூரையில் துளை, தரையில் சூரியன்

"கூரையில் ஒரு துளை, தரையில் ஒரு கோடு. இதை வைத்துச் சூரியனைப் பற்றி அப்படி என்ன தெரிந்துகொள்ள முடியும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பூமியின் பாதை பற்றி வானியலாளர் கெப்லர் சொன்னதையே சோதித்துப் பார்க்கலாம்!

இத்தாலியின் பொலோனியா நகரில் சான் பெட்ரோனியோ தேவாலயம் இருக்கிறது. 1655இல் வானியலாளர் காசினி அங்கே 27 மீட்டர் உயரத்தில் துளை அமைத்து, தரையில் வடக்குத் தெற்காகச் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு மெரிடியன் கோட்டைப் பதித்தார். உச்சிவேளையில் துளை வழியே வரும் ஒளி, சூரியனின் உருவமாகவே கோட்டின் மேல் விழும். கோடையில் துளைக்குக் கிட்ட, குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடியில். பகலும் இரவும் சமமாக இருக்கும் சமஇரவு நாளையொட்டி அது ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், அதனால் அந்த நாளைப் பிடிப்பது எளிது. ஈஸ்டர் தேதியைக் கணிக்கத் தேவாலயத்துக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

காசினி அதோடு நிற்கவில்லை. உருவம் எங்கே விழுகிறது என்பதோடு, எவ்வளவு பெரிதாக விழுகிறது என்றும் அளந்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சூரியன் வானத்தில் ஜனவரியில் சற்று வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் நகர்வது பழங்காலத்திலேயே தெரியும். வேகம் உண்மையில் மாறுவதில்லை, நமக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம் மாறுவதால் அப்படித் தெரிகிறது என்பது பழைய விளக்கம். அந்த வித்தியாசத்தில் ஒரு பாதி தூரம் மாறுவதால், மீதிப் பாதி வேகமே மாறுவதால் என்றார் கெப்லர். அப்படியானால் தூரமும் பழைய கணக்கில் பாதிதான் மாற வேண்டும். சூரியனின் தோற்ற அளவு சராசரியிலிருந்து 3.4 சதவீதம் கூடிக் குறைந்தால் பழைய கணக்கு சரி, 1.7 சதவீதம் என்றால் கெப்லர் சரி.

தரையில் இதை அளப்பது லேசான காரியமல்ல. ஒளி சாய்ந்து வெகுதூரம் வருவதால், குளிர்காலத்தில் உருவம் எப்படியும் பெரிதாகத்தான் விழும்: கோடையில் குறுக்கே 30 சென்டிமீட்டர், குளிர்காலத்தில் 70. விளிம்பு வேறு மங்கலாக இருக்கும். துளையின் அகலத்தைக் கழித்து, தூரத்துக்குத் திருத்தம் செய்தால், குளிர்காலத்தில் இரண்டு கணக்குகளுக்கும் இடையே மிஞ்சும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாதாரணக் கட்டடத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அந்த 27 மீட்டர் உயரம்தான் அதை அளக்கும்படி பெரிதாக்கியது.

அளவுகள் கெப்லர் பக்கமே நின்றன. பண்டிகைத் தேதிக்காகக் கிடைத்த வசதியில் வானியலின் பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை வந்தது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன்.

ஒன்று மட்டும் உண்டு. சுற்றுவது பூமியா, சூரியனா என்பதை இந்த அளவு தீர்க்காது. யார் சுற்றினாலும் தூரம் ஒன்றுதானே! பூமி நகர்வதற்கான நேரடிச் சான்று, 1720களின் இறுதியில் ஆங்கில வானியலாளர் பிராட்லி விண்மீன்களின் இடம் ஆண்டு முழுவதும் சிறிதளவு மாறுவதை விளக்கியபோதுதான் கிடைத்தது.