பூட்டுன டேட்டாவுலயும் சம்பளத்தைத் திருடலாமுங்க

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு சம்பள சாப்ட்வேர் பாத்துக்கிட்டிருக்கேனுங்க. அவங்க பழைய டேட்டாபேஸைத் தொறந்தா ஆதார் நம்பர் இருக்க வேண்டிய எடத்துல புரியாத எழுத்தா கெடக்குது, "எல்லாம் என்க்ரிப்ட் பண்ணிருக்குது, சாவி இல்லாம யாரும் படிக்க முடியாது"ன்னு முன்னாடி பாத்த பையன் சொல்லிட்டுப் போயிட்டானாம். உத்துப் பாத்தா ஒவ்வொண்ணும் சரியா 16 எழுத்து, ஆரம்பம் எம், என், ஓ இந்த மூணுல ஒண்ணுதான். அடக் கொடுமையே, வெறும் பேஸ்64ங்க, டேட்டாவை வேற எழுத்துல மாத்தி எழுதற முறை, அவ்வளவுதான்! சாவியே கெடையாது, யாரு வேணா திருப்பிப் படிச்சுக்கலாம்.

ஹேஷ் பண்ணிட்டா, அதாவது திருப்பி எடுக்க முடியாத ஒருவழிக் கணக்குல போட்டு வெச்சுட்டா போச்சுன்னு கூட்டாளி சொன்னாப்ல. ஆதார் 12 இலக்கந்தானே, மொத்தமே லட்சம் கோடிக்குள்ள அடங்கிரும், கேம் ஆடற நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு இருந்தா டீ ஆறதுக்குள்ள அத்தனை நம்பரையும் ஹேஷ் போட்டு எது ஒத்துப் போகுதுன்னு பாத்துரும்.

அப்பறம் ராத்திரி ராத்திரி உக்காந்து டேட்டாவைப் பூட்டறதுக்கு நாங்களே ஒரு லைப்ரரி, அதாவது மத்த புரோகிராம் எடுத்துப் பயன்படுத்தற கோடு, எழுதுனோம். பூட்டற கணக்கு எங்களுது இல்லீங்க, அந்த வேலையே ஆகாது, 2001ல ஸ்டாண்டர்டான ஏஇஎஸ்ங்கற பூட்டற கணக்குதான், பூட்டுனதை யாராவது மாத்துனாலும் கண்டுபுடிக்கற ஜிசிஎம் முறையில. அதுல ஒவ்வொரு வாட்டியும் 12 பைட் நான்ஸ், அதாவது ஒரே தடவை மட்டும் பயன்படுத்தற நம்பர், புதுசா குடுக்கோணும், ஒரே சாவிக்கு அதே நான்ஸ் மறுபடி வந்தா கதை முடிஞ்சுது. டெவலப்பர் கையில விட்டா எவனாவது எப்பவும் பூஜ்யத்தையே போட்டு வெச்சுருவான், அதனால எங்க பங்ஷன் அதைக் கேக்கறதே இல்ல, உள்ளாரயே போட்டுக்கும்.

மண்டைய ஒடைச்சது வேற எடத்துலங்க. பேங்க் அக்கவுண்ட் நம்பரை அருமையா பூட்டியாச்சு. டேட்டாபேஸ்ல கை வெக்கத் தெரிஞ்ச ஒருத்தன் தன்னோட ரோல (டேபிள்ல தன் பேருக்கான வரியில) இருக்கற பூட்டுன எழுத்தை அப்படியே காப்பி பண்ணி, பவர் டேபிள்ல தைக்கற அக்கா ரோல ஒட்டிட்டான்னா? அவன் ஒண்ணையும் படிக்கவே வேண்டாம், அந்தக்கா சனிக்கிழமை சம்பளம் இவன் அக்கவுண்டுக்கு வந்துரும்! அதுக்குத்தான் பூட்டும்போதே தொழிலாளி ஐடியையும் சேத்துக் கட்டிர்றோம், ரோ மாறுனா தொறக்காது.

சாவியும் பேக்கப்பும் ஒரே பென்டிரைவ்ல, அது பைக் டேங்க் கவர்ல, இதையும் பாத்திருக்கேனுங்க. தயவுசெஞ்சு பிரிச்சு வையுங்க.

லைப்ரரியை எல்லாரும் படிக்கற மாதிரி நெட்ல போடலாம்னு இருந்தோம். "புரோகிராம் கோடு முழுக்க எல்லாருக்கும் தொறந்து போட்டா திருடனுக்குத் தோதாயிராதுங்களா"ன்னு ஓனர் கேட்டாரு. முறை எதிரி கையில சிக்குனாலும் சாவி சிக்காத வரைக்கும் தாங்கோணும்னு கெர்க்காஃப்ஸ்ங்கற ரகசிய எழுத்து நிபுணர் 1883லயே சொல்லிட்டாருங்க. தொறந்து போட்ட மூணாம் நாளு, யாருன்னே தெரியாத ஒருத்தர் எங்க தப்பைப் புடிச்சாப்ல: பூட்டறது பெயிலானா எரர் மெசேஜ் அக்கவுண்ட் நம்பரை முழுசா லாக் பைல்ல, அதாவது புரோகிராம் என்ன நடந்துச்சுன்னு குறிச்சு வெக்கற பதிவுல, எழுதிட்டிருந்திருக்குது. திருத்துனது ரெண்டே வரி. பழைய லாக் எங்கெங்க காப்பியாயிருக்குதுன்னு தேடி அழிக்கத்தான் ரெண்டு வாரம் ஆச்சு.