மோட்டார் போகவில்லை, கரண்ட்தான் வந்து சேரவில்லை

மாடல் ரயில் என்ஜினை ரிப்பேருக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள்: "மோட்டார் போயிடுச்சு சார், புதுசா போட்டுடுங்க." பெட்டியைத் திறப்பதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். வண்டி நிற்கும்போது முன்விளக்கு எரிகிறதா? விளக்கு நிலையாக எரிந்து, வண்டி மட்டும் அசையாவிட்டால் மோட்டாரையோ பல்சக்கரங்களையோ சந்தேகப்படலாம். விளக்கும் கூடவே மினுக்கினால், விரலால் லேசாகத் தள்ளியதும் ஓடினால், மோட்டார் மேல் பழி போடாதீர்கள். தண்டவாளத்திலிருந்து கரண்ட் ஏறவில்லை. நாம் எல்லோரும் சொல்கிற லூஸ் கான்டாக்ட்தான்.

நிஜ மின்சார என்ஜினுக்குத் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி இருக்கிறது. தண்டவாளம் கரண்ட் திரும்பிப் போக மட்டும். தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. உள்ள ஹெச்ஓ, டபுள்ஓ அளவு மாடல்களில் போக்கும் வரவும் தண்டவாளம் வழியாகத்தான். இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு முனை, வலப்பக்கச் சக்கரங்கள் மறுமுனை. சக்கரத்தின் பின்முகத்தை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடு (வைப்பர் என்போம்) கரண்டை மோட்டாருக்குக் கடத்துகிறது. சாதா டிசி வண்டியில் இருப்பதே 12 வோல்ட். வண்டியின் எடையும் சில நூறு கிராம்தான். இந்த அழுத்தத்துக்கு ஒரு எண்ணெய்ப் படலம் கூடப் பெரிய தடை. மார்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியின் ஹெச்ஓ வண்டிகள் பாதை நடுவிலுள்ள சின்னச் சின்னக் குமிழ்களை, அடியிலுள்ள நீளமான ஸ்லைடரால் தொட்டு ஓடுகின்றன. இரண்டு தண்டவாளமும் அங்கே ஒரே முனை. அதனால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

சமீபத்தில் வந்தது பிரிட்டிஷ் வகையைச் சேர்ந்த ஒரு குட்டி ஷன்டிங் என்ஜின், ஆறு சக்கரம். நேர்பாதையில் ஓடும், ஒரு பக்க வளைவில் மட்டும் நின்றுவிடும். உரிமையாளர் வளைவுத் தண்டவாளத்தைத் தேய்தேய் என்று தேய்த்திருந்தார். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, மல்டிமீட்டரை பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்து, ஒரு முனையை மோட்டார் டெர்மினலிலும் மறுமுனையை ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் வைத்துப் பார்த்தேன். பின்சக்கரங்கள் இரண்டிலும் இழுவைக்கான ரப்பர் வளையம். அவை கரண்ட் எடுக்காது, கணக்கில் சேராது. இடப்பக்கம் மீதி இரண்டும் சரி. வலப்பக்க நடுச்சக்கரத்தில் பீப் வரவே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அச்சில் தலைமுடி சுற்றி, கார்பெட் நூலும் பழைய எண்ணெயும் சேர்ந்து கெட்டியாகி, வைப்பரைச் சக்கரத்திலிருந்து தள்ளி வைத்திருந்தது. முன்சக்கரத்தில் பீப் வந்தது. ஆனால் அச்சை ஒரு பக்கமாகத் தள்ளியதும் நின்றுபோனது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வளைவில் திரும்புவதற்காக அச்சுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் விட்டிருப்பார்கள். மேஜையில் வைத்துப் பார்க்கும்போது தொடும் வைப்பர், வளைவில் சக்கரம் நகர்ந்ததும் தொடாது. அதனால் அச்சை இரண்டு பக்கமும் முழுக்கத் தள்ளி, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். வைப்பரை வளைப்பதானால் சாமணத்தால் அடிப்பகுதியில் பிடித்து வளையுங்கள். நுனியில் வளைத்தால் மடிப்பு விழும், ஸ்பிரிங் தன்மை போய்விடும். ரொம்ப அழுத்தினால் அதுவே பிரேக்காகி, சக்கரம் சுற்றாமல் வழுக்கும். அப்படியே வைப்பரின் அடியிலுள்ள சால்டரையும் ஒரு குச்சியால் அசைத்துப் பாருங்கள். பார்க்க நன்றாக ஒட்டியிருப்பது போலிருக்கும், உள்ளே விட்டிருக்கும்.

சரி, அழுக்கு. சக்கரத்தில் கறுப்பாகப் படிவது வெறும் தூசி இல்லை. ஓடும்போது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நுண்ணிய தீப்பொறிகள் தெறித்துக்கொண்டே இருக்கும். அதில் கருகிய எண்ணெயும் ஆக்சைடும் சேர்ந்த பூச்சு அது. வண்டி திக்குகிறதே என்று கன்ட்ரோலரை இன்னும் திருகினால் பொறி அதிகமாகும், பூச்சும் தடிக்கும்.

தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள். சக்கரத்தின் நிக்கல் பூச்சு உரிந்துவிடும். விழுகிற கீறல்களில் அழுக்கு முன்பைவிட வேகமாகத் தங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சு போதும். பிடிவாதமான கறைக்கு நறுக்கிய தீக்குச்சி முனை. சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படலமாக நின்றுவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். முழுக்கக் காயாமல் கரண்ட் கொடுக்க வேண்டாம். குழந்தைகள் உதவிக்கு வருவார்கள், அந்த நேரத்துக்கு மட்டும் வேறு வேலை கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்புறம் எண்ணெய்: ஊசி முனையில் ஒரு சொட்டு, அச்சுத் தாங்கிகளில் மட்டும். தாராளமாக விட்டால் ஊர்ந்து வந்து மறுபடி சக்கரத்தில்தான் நிற்கும்.

எல்லாம் செய்தும் தடம் பிரியும் பாயின்ட்டில் மட்டும் நிற்கிறதா? அங்கே இரண்டு தண்டவாளமும் குறுக்கிடும் இடம் பல பாயின்ட்களில் பிளாஸ்டிக். அதன் மேல் வரும் சக்கரத்துக்குக் கரண்ட் இல்லை. நீளமான என்ஜின் சமாளித்துவிடும், நாலு சக்கரக் குட்டி வண்டி மாட்டிக்கொள்ளும். இது வண்டியின் கோளாறு அல்ல.

டிசிசி வண்டி (தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டுவது) என்றால் இரண்டு எச்சரிக்கை. மோட்டாரைச் சோதிக்க 9 வோல்ட் பேட்டரியை நேரடியாகத் தொடுவது பழைய வழக்கம். கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு சர்க்யூட்டான டிகோடரைக் கழற்றாமல் அப்படிச் செய்தால் மோட்டார் பிழைக்கும், டிகோடர் போய்விடும். இன்னொன்று, ஸ்டே அலைவ் கெபாசிட்டர். கரண்ட் விட்டுப்போகும் நொடியில் வண்டியை ஓடவைக்கும் நல்ல சாமான்தான். ஆனால் சக்கரத்தைத் துடைக்காமல் இதை மாட்டச் சொல்பவர்களுக்கு நான் மாட்டித் தருவதில்லை. வீட்டிலேயே போடுவதானால், பாதையில் 14, 15 வோல்ட் ஓடும் என்பதால் 25 வோல்ட் கெபாசிட்டராகப் பார்த்து வாங்குங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். டிகோடரில் அதற்கென்று இடம் இருக்கிறதா என்று மேனுவலைப் பார்த்துவிட்டு சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.