அஞ்சலி – சொல் விளக்கம்

எனக்கு மிகவும் பிடித்த நாவலாசிரியர் ஒருவர் மறைந்த பிறகு, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு சிறிய மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மேடையில் அவருடைய படம், அதற்குப் பின்னால் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்தில் ஒரு பனர். வாசலில் மேசை போட்டு, மனதில் உள்ளதை எழுதச் சொல்லி ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ‘கண்ணீர் அஞ்சலி’, ‘எமது அஞ்சலி’ என்றே இருந்தது. நானும் அதையே எழுதினேன். எழுதிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு மனம் ஆறவில்லை. முப்பது வருடமாக வாசித்த மனிதருக்கு நான் சொல்ல வந்தது அதுவல்ல என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அஞ்சலி வடசொல். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழித்துப் பிடித்தால் வரும் வடிவத்துக்கு அந்தப் பெயர். அப்படிக் குழித்த கையில் கொள்ளும் அளவுக்கும் அதே பெயர்தான். ஆயுர்வேதத்தில் அது ஓர் அளவை. பூவையும் நீரையும் ஏந்திக் கொடுக்கிற அந்தக் கையே கூப்பிய கையாகவும் ஆனது. பரதம் பழகும் பிள்ளைகளைக் கேட்டால் உடனே செய்து காட்டுவார்கள். இரட்டைக்கை முத்திரைகளில் அஞ்சலிதான் முதலாவது. கடவுளுக்குத் தலைக்கு மேல், குருவுக்கு முகத்துக்கு நேரே, அந்தணருக்கு நெஞ்சுக்கு நேரே என்று அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் இடம் பிரித்துச் சொல்கிறது. அரங்கேற்றத்தில் புஷ்பாஞ்சலி ஆடும் பிள்ளையின் கையில் இருப்பது வெறும் வணக்கம். சாவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நேரான தமிழ் வேண்டுமென்றால் கைகூப்பு, கும்பிடு, தொழுகை என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன.

பிறகு மலரஞ்சலி வந்தது. உடலுக்கு முன்னால் நின்று பூப் போட்டுக் கும்பிடுவது. பூவுக்குப் பதில் கண்ணீர் என்று வைத்தபோது கண்ணீர் அஞ்சலி. சேர்த்த இரண்டு கை நிறையக் கண்ணீர்! முதன்முதலில் இந்தச் சொற்களைச் சேர்த்தவர் நல்ல கவியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அது ஒட்டுப் பலகையிலும் பத்திரிகைப் பெட்டிச் செய்தியிலும் கிடந்து தேய்ந்துவிட்டது.

தேய்ந்தது மட்டும் குறையல்ல. கும்பிட ஓர் உடல் முன்னால் இருக்க வேண்டும். வாசகருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஈழத்து நாவலாசிரியர் கே. டானியல் 1986இல் தஞ்சாவூரில் இறந்தார். இன்னொரு ஈழத்து நாவலாசிரியர் செ. கணேசலிங்கன் 2021இல் சென்னையில் இறந்தார். கொழும்பில் இருந்து அவர்களை வாசித்தவர்கள் செய்தியைக் கேட்டுவிட்டு, அலுமாரியைத் திறந்து புத்தகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

எங்கள் ஊரில் இன்னொரு சொல்லும் உண்டு, ஆழ்ந்த அனுதாபம். அனு என்றால் பின், தாபம் என்றால் வெப்பம். அது இறந்தவருக்குச் சொல்வதல்ல, அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்வது. வாசகருக்கு யாரும் அனுதாபம் சொல்ல வருவதில்லை. அவருக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, இல்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவிலும் பங்கில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டை எடுத்துப் பாருங்கள். (தமிழகத்து நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே கல்வெட்டு என்பது கல்லில் வெட்டியது மட்டுமல்ல, இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு புத்தகமும்தான்.) பழைய கல்வெட்டுகளில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாக வெண்பாவும் விருத்தமும் இருக்கும். வாசகர் புலம்பல் என்று ஒரு பக்கத்தை நான் இன்னும் காணவில்லை.

சரி, வாசகருக்குரிய சொல் எது? இரங்கல் என்பேன். அகராதியில் வருத்தப்படுதல் என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். தொல்காப்பியர் அதைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய நான்கையும் அவர் ஒலியைக் குறிக்கும் சொற்களாகத்தான் உரியியலில் வைக்கிறார். முரசு இரங்கும் என்பது அந்தப் பொருளில்தான். அடுத்த சூத்திரத்திலேயே ‘அவற்றுள், இரங்கல் கழிந்த பொருட்டும் ஆகும்’ என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறார். கழிந்து போன ஒன்றை நினைத்து வருந்துவதும் இரங்கல்தான் என்கிறார். ஆக, ஒரே சொல்லில் ஒலியும் இருக்கிறது, போனது போனதுதான் என்ற நினைப்பும் இருக்கிறது. நெய்தல் திணையின் உரிப்பொருளும் இரங்கல். அங்கே அது பிரிந்து போனவனை எண்ணிக் கடற்கரையில் ஏங்குவது, சாவைப் பற்றியதல்ல. ஆனால் வெள்ளவத்தைக் கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசிக்கும்போது இரண்டும் வெகுதூரத்தில் இல்லை.

புலம்பலையும் தள்ளிவைக்க வேண்டாம். இன்று அது சலிப்போடு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பதைக் குறிக்கிறது. தொல்காப்பியத்தில் ‘புலம்பே தனிமை’. அதோடு கையறுநிலை என்ற துறையைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: ‘கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலையும்’. இங்கே ஒழிந்தோர் என்றால் செத்தவர் அல்ல, எஞ்சி நிற்பவர். இறந்தவரை எண்ணி, எஞ்சியவர் தனித்துப் போகிற நிலை. கையறுதல் என்றால் செயலற்றுப் போவது, செய்ய ஒன்றும் இல்லாமல் நிற்பது. புறநானூற்றில் அதியமானுக்காக ஔவையார் பாடினார், சாத்தன் என்ற தலைவனுக்காகக் குடவாயிற் கீரத்தனார் பாடினார். இரண்டு பேருமே இறந்தவரின் குடும்பத்தார் அல்ல. சாத்தன் போன பிறகும் ஏன் பூத்தாய் என்று முல்லையைக் கேட்கிறார் கீரத்தனார். உறவில்லாதவரின் துக்கத்துக்கு அந்தக் காலத்தில் தனி இடமும் பெயரும் இருந்திருக்கின்றன. அஞ்சலியில் கை சேர்ந்து நிற்கிறது, கையறுநிலையில் அந்தக் கைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வாசகருடைய கை இரண்டாவது வகை.

படத்துக்கு முன்னால் பூவோடு நிற்கும்போது அஞ்சலி என்பது பொருத்தம், அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். எழுதுவதற்கும் பேசுவதற்கும் இரங்கல் குறிப்பு, இரங்கலுரை, இரங்கற்பா என்றே வைக்கலாம். இறந்தவரைப் பற்றிய பாட்டைச் சரமகவி என்று பழைய ஆட்கள் எழுதியதும் நல்ல வழக்குத்தான், அதுவும் வடசொல் கலந்தது என்றாலும்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு வயதான அம்மா கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். கை நடுங்கியதால் நேரம் எடுத்தது. “தம்பி, இந்த எழுத்து விளங்குதோ எண்டு பாருங்கோ” என்று என்னிடம் திருப்பிக் காட்டினார். பச்சை மையில் மூன்று வரி: ‘83இல் வீடு எரிஞ்சபோது உங்கள் புத்தகமும் எரிஞ்சது. இரண்டு வருசம் கழித்துத் திரும்ப வாங்கினேன். இப்பவும் வைத்திருக்கிறேன், ஐயா.’

“விளங்குது அம்மா” என்றேன். அவர் பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.