எந்த காம்பவுண்டிலும் போகாத வெள்ளைத் திட்டு

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் காரின் பானெட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "மூணு மணி நேரமா மெஷின் போடறேன், இந்த வெள்ளைத் திட்டு மட்டும் போக மாட்டேங்குது. இன்னும் ஸ்ட்ராங்கான காம்பவுண்ட் எது சார்?"

மெஷின் என்றது பாலிஷ் மெஷினை. காம்பவுண்ட் என்பது அதில் வைத்துப் பெயிண்டைத் தேய்க்கும் காரமான பாலிஷ் பசை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திட்டின் ஓரம் வரைபடத்தில் கடற்கரைக் கோடு மாதிரி வளைந்து நெளிந்து, கூர்மையாகத் தெரிந்தது. அது அழுக்கில்லை, கறையுமில்லை. அங்கே நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற பூச்சு செத்து, உரிய ஆரம்பித்திருந்தது. அது எந்த காம்பவுண்டிலும் போகாது. அந்த மூன்று மணி நேரத்தில் திட்டைச் சுற்றி மிச்சமிருந்த நல்ல கிளியரும் தேய்ந்ததுதான் கண்ட பலன்.

கார் டீடெய்லிங், அதாவது வண்டியைச் சுத்தம் செய்து பாலிஷ் போட்டு மீட்பது, என் தொழில். வருடக்கணக்கில் வெயிலில் நின்று, கவனிப்பாரில்லாமல் மங்கிப்போன வண்டிகள் நிறைய வரும். இவற்றை வீட்டிலேயே மெஷின் போட்டு மீட்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் மெஷினை எப்படிப் பிடிப்பது என்று கேட்கும் அளவுக்கு, அதை எங்கே வைக்கக் கூடாது என்று யாரும் கேட்பதில்லை.

தகரத்தின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு, அப்புறம் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். பெயிண்ட் பட்டறைகளில் லேக்கர் என்பார்களே, அது. கம்பெனியில் அடித்த பெயிண்டில் இத்தனையும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். கிளியர் மட்டும் தோராயமாக 35 முதல் 50. தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால், நாம் கை வைப்பது எவ்வளவு மெல்லிய தோல் என்று பாருங்கள்.

பாலிஷ் என்றதும் எதையோ பூசிப் பளபளப்பாக்குகிறோம் என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் அது தேய்ப்பு. கீறல் என்பது ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை நாம் நிரப்புவதில்லை, சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிவரை இறக்குகிறோம். அதனால் ஒவ்வொரு பாலிஷும் கிளியரில் கொஞ்சம் செலவு, திரும்பி வராத செலவு. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அந்தக் கிளியரில்தான் கலந்திருக்கிறது. அதை ஒரேயடியாக மெலிய வைத்தால் இன்று கண்ணாடி போல இருக்கும். பிறகு வெயில் தன் வேலையைக் காட்டும்.

கிளியரே இல்லாத பெயிண்டும் உண்டு. பழைய வண்டிகளில் நிறமே மேல் பூச்சாக இருக்கும், சிங்கிள் ஸ்டேஜ் என்போம். வெளியே தெரியாத ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் சிங்கிள் ஸ்டேஜாக இருக்கலாம், அல்லது அங்கே கிளியர் போய்விட்டது என்று அர்த்தம். கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும் அளவுக்கு மங்கிய சிவப்பு சிங்கிள் ஸ்டேஜ் வண்டியை முதல்முறை பாலிஷ் செய்து பார்ப்பது தனி சந்தோஷம். நாலே இழுப்பில் நிறம் உள்ளேயிருந்து எழுந்து வரும். மெஷினில் மாட்டித் தேய்க்கும் மெத்தை போன்ற பேட் முழுக்கச் சிவப்பாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அதுதான்.

மெஷினுக்குப் போகுமுன் நல்ல வெளிச்சத்தில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒரு எல்இடி டார்ச் போதும். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரிபவை தவறாகக் கழுவியதால் வந்த மெல்லிய கீறல்கள். இவை சுலபம். உப்புத் தண்ணீர் காய்ந்த வட்டங்களும் பறவை எச்சம் அரித்த தடமும் மேலோட்டமாக இருந்தால் போகும், ஆழம் அதிகமானால் மங்கலாகும், அவ்வளவுதான். கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அதை முழுக்க எடுக்க நினைக்காதீர்கள். அதன் விளிம்பை மழுக்கினாலே பாதி கண்ணுக்குத் தெரியாது.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது. ஒரு பேனல் மட்டும் 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அதைவிடப் பல மடங்கு காட்டினால் அடியில் நசுங்கலை நிரப்பிய பட்டி இருக்கும். எண் பெரிதாக இருக்கிறதே என்று தைரியமாக இறங்கக் கூடாது. அடுக்கு அடுக்காக அடித்திருந்தாலும் மேலே கிளியர் எவ்வளவு என்பதைச் சாதாரணக் கருவி சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலையே செய்யாது.

அடுத்து கழுவுதல். இதில் அவசரப்படுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கழுவி முடித்த வண்டியின் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவுங்கள். சொரசொரப்பு இருந்தால் இரும்புத்தூளும் தாரும் மரப்பிசினும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. இரும்பைக் கரைக்கும் திரவம் அடித்தால் ஊதா நிறமாக வழியும். மிச்சத்தைக் களிமண் உருண்டை மாதிரி இருக்கும் கிளே எடுக்கும். கிளே வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதனால் மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருக்கட்டும். தரையில் விழுந்த கிளேயைத் தட்டிவிட்டு மறுபடி எடுக்காதீர்கள், குப்பையில் போடுங்கள். ஒட்டியிருக்கும் துகளோடு மெஷின் போட்டால் பேட் அதையே இழுத்துப் புதுக் கீறல் போடும்.

சரி, மெஷின். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமாக வெட்டும், அதாவது கிளியரைத் தேய்த்தெடுக்கும். சூடும் சட்டென்று ஏறும், ஓரிடத்தில் நின்றால் பெயிண்டைச் சுட்டுவிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷின், சுருக்கமாக டிஏ, சுற்றிக்கொண்டே ஆடும். அதிகம் அழுத்தினால் பேட்டின் சுழற்சி நின்றுவிடும். அந்தக் குறைதான் புதியவருக்குக் காவல். முதல் மெஷின் டிஏவாக இருக்கட்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேட் மாட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். சிறிய கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பாலிஷ் மெஷினுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே அதிகம். வேண்டவே வேண்டாம்.

இனி டெஸ்ட் ஸ்பாட், எந்த பேடும் பாலிஷும் போதும் என்று முதலில் சோதித்துப் பார்க்கும் சிறு இடம். முழு வேலையின் மூளையும் இதில் இருக்கிறது. பானெட்டின் நடுவில் சமதளமான இடத்தில், இரண்டு சாண் அகல நீளத்துக்குச் சதுரம் கட்டி டேப் ஒட்டுங்கள். மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் கொண்டு தொடங்குங்கள். போதவில்லையா, பேடை மட்டும் மாற்றுங்கள். அப்போதும் போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட். இருப்பதிலேயே காரமானதை முதலில் எடுத்துவிட்டால், மென்மையானதே போதுமாயிருந்ததா என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. பேட் நிறங்களையும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியில் ஆரஞ்சு பேட் வெட்டும், இன்னொன்றில் அதே நிறம் மென்மையானதாக இருக்கும்.

புதுப் பேடில் பாலிஷைப் பட்டாணி அளவில் நாலைந்து துளி வைத்து முகம் முழுக்கத் தடவிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இடங்களுக்கு மூன்று துளி போதும். பேடைப் பெயிண்டில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லாவிட்டால் காம்பவுண்ட் உங்கள் சட்டையில்தான். முதலில் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு மெஷினின் வேக எண்ணை நாலு அல்லது ஐந்தில் வையுங்கள். இடவலமாக ஒரு சுற்று, மேல்கீழாக ஒரு சுற்று, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூடட்டும். நாலு முதல் ஆறு சுற்று. கை நகரும் வேகம் நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். கேட்க எளிது, செய்தால் பொறுமையைச் சோதிக்கும். எல்லாருமே துணி துவைக்கும் வேகத்தில்தான் தேய்க்கிறார்கள். பேடை மாட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி, நின்றால் கையைத் தளர்த்துங்கள். ஒரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அடைத்துப்போன பேட் வெட்டாது, சூட்டை மட்டும் ஏற்றும். முழு வண்டிக்கு நாலைந்து பேடாவது கைவசம் வேண்டும். வேலை நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது.

சதுரம் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டுப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெயும் நிரப்பிகளும் கீறலை மறைத்துக்கொண்டு நிற்கும். துடைத்த பிறகும் கீறல் இல்லை என்றால்தான் போயிற்று என்று அர்த்தம். "ஒரே பூச்சில் கீறல் மாயம்" வகையறாக்கள் பலவும் இந்த நிரப்பிதான். சில கழுவலில் பழைய முகம் தெரிந்துவிடும்.

விளிம்புகளிலும் உடம்பில் ஓடும் கூர்க்கோடுகளிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், மெஷினின் அழுத்தமும் அங்கேதான் குவியும். இதை நான் பாடமாகப் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கறுப்பு வண்டி, கையில் ரோட்டரி. பானெட்டின் மடிப்புக் கோட்டில் ஒரு சின்னக் கீறல் மிச்சமிருந்தது. இன்னும் ஒரே இழுப்பு என்று திரும்பப் போனேன். கறுப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மயிரிழை தெரிந்தது. பிரைமர். அந்த பானெட்டை என் செலவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். இப்போதும் மடிப்புகள் அத்தனைக்கும் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுகிறேன். கடைசியில் டேப்பை எடுத்து, அந்த இடத்தைக் கையால் ஒருமுறை தேய்த்துவிடுவேன். ரப்பருக்கும் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்குக்கும் டேப் அவசியம், அவற்றில் ஏறிய பாலிஷின் வெள்ளை லேசில் போகாது. பம்பரில் வேகத்தைக் குறையுங்கள். பிளாஸ்டிக் தகரத்தைப்போல சூட்டைப் பரவ விடாது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், பாலிஷ் செய்த இடத்தில் அது உரசினால் புதுக் கோடு விழும்.

முடிந்ததும் மெழுகோ சீலண்டோ செராமிக்கோ ஏதாவது ஒரு பாதுகாப்புப் பூச்சு போட்டாக வேண்டும், ஏனென்றால் பாலிஷ் செய்த பெயிண்ட் வெறும் உடம்போடு நிற்கிறது. எது உசத்தி என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஒழுங்காகக் கழுவத் தெரியாதவரின் வண்டியில் செராமிக்கிலும் கீறல் விழும்.

படம் அனுப்பியவர் பானெட்டைப் பெயிண்டரிடம் விட்டார். மிச்ச வண்டியை டிஏ வாங்கி, இரண்டு வாரக் கடைசிகளில் தானே முடித்தார். கதவுகளின் படம் வந்தது, நன்றாகவே செய்திருந்தார். அதன் பிறகு ஒருநாள் போன். "டிரைவர் பக்கக் கதவுல ஒரே ஒரு கோடு மட்டும் நிக்குது சார்."

"நகம் சிக்குதா?"

"சிக்குது."

"அப்ப விட்டுடுங்க."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "மெஷினைக் கழுவி வெச்சிடறேன்" என்றார்.