கூரையில் சோலார் இருந்தால் பிள்ளைகள் மின்விசிறியை நிறுத்துவார்களா?

கொழும்பின் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு பாடசாலைக் கூரையில் சோலார் தகடுகள் ஏறிவிட்டால், கீழே படிக்கும் பிள்ளைகளுக்கு மின்சிக்கனம் தானாகவே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. காரணம் தகடு வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

ஒளித்துகள் சிலிக்கனில் மோதும்போது ஓர் இலத்திரன் பிணைப்பிலிருந்து விடுபடுகிறது. இருவகைச் சிலிக்கன் சந்திக்கும் எல்லையிலுள்ள மின்புலம் அதை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. ஒரு கலத்தில் கிடைப்பது ஏறத்தாழ அரை வோல்ட்தான். பல கலங்களைத் தொடராக இணைத்துப் பெறும் நேரோட்டத்தை, இன்வேர்ட்டர் 230 வோல்ட் ஆடலோட்டமாக மாற்றுகிறது. இவ்வளவும் சத்தமோ அசைவோ புகையோ இல்லாமல் நடந்து முடிகிறது. வகுப்பில் இருப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை.

தெரியாவிட்டால் சிக்கனம் வளராதது மட்டுமல்ல, செலவு கூடவும் செய்யலாம். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர வீடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சோலார் தந்த ஒவ்வொரு 100 அலகுக்கும் நுகர்வு சுமார் 18 அலகு கூடியிருந்தது. "வெயில் தருவதுதானே" என்ற எண்ணம் யாருக்கும் எளிதாக வந்துவிடும்.

மனிதரை மாற்றுவது கண்முன்னே நகரும் எண். நுகர்வை உடனுக்குடன் காட்டும் கருவிகளால் 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டின் ஒக்ஸ்போர்ட் அறிக்கை சொன்னது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1994 முதல் அங்கே பாடசாலை மிச்சப்படுத்தும் பணத்தில் பாதி பாடசாலைக்கே கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. உழைத்த பிள்ளைக்கு அதன் பலன் நேரடியாகத் தெரிகிறது.

கொழும்பில் அந்த எண்ணோடு கடிகாரமும் சேர வேண்டும். பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, வெயிலும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். நாட்டின் உச்ச மின்தேவையோ மாலை 6.30 முதல் 10.30 வரை. அப்போது தகடு உறங்குகிறது, பிள்ளை வீட்டில் இருக்கிறது. மாறாக, விடுமுறை நாட்களின் நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதும் மின்சாரத்தைத் துண்டித்தது. தேவை குறைந்து, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்த வேளை அது. அதிர்ச்சியைத் தாங்கக்கூடிய, சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகள் போதிய அளவு ஓடவில்லை.

ஆகவே பாடசாலை வாசலில் ஒரு திரை வைத்து, உற்பத்தியையும் நுகர்வையும் மணிவாரியாகக் காட்டுங்கள். 75 வாட் மின்விசிறிகள் நான்கை 1.30க்குப் பிறகு நான்கு மணிநேரம் ஓடவிட்டால் 1.2 அலகு வீண் என்பதைப் பிள்ளைகளே கணக்கிடட்டும். தண்ணீர்த் தொட்டி நிரப்பும் மோட்டரை நண்பகலில் ஓட்டலாம். வீட்டிலே சீருடை அழுத்தும் 1000 வாட் மின்னழுத்தி, அப்படியான 13 மின்விசிறிகள் இழுக்கும் மின்சாரத்தை இழுக்கிறது. ஐந்து நாள் சீருடைகளையும் மாலை ஏழு மணிக்குப் பதில் சனிக்கிழமை நண்பகலில் அழுத்தி வைக்கலாம்.